கரிப்பூட்டை விளைந்த பருவம்

ஜூலை 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முழுப்பொய் எழுத மனம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அண்ணியும் வழக்கம்போல என்னைவிட நன்றாக இருக்கிறாள். சுகமில்லாமல் கிடப்பது மக்காச்சோளம்.

பூவெடுக்கிற நேரம் பார்த்து ஆலங்கட்டி மழை கொட்டி, இலையையெல்லாம் நார் நாராகக் கிழித்தது. போகட்டும், தேறிக்கொள்ளும் என்று விட்டேன். அதன்பிறகு அடித்த வெயிலில் கதிருக்குள் என்னவோ வீங்கத் தொடங்கியது. உறையைப் பிரித்தால், மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கொப்புளங்கள். சில கட்டைவிரல் பருமன், சில கோழிமுட்டை அளவு. பார்க்கவே உடம்பு கூசுகிறது.

வேளாண் அதிகாரியைக் கூட்டிவந்தேன். அவர் வரப்பை விட்டு இறங்கவே இல்லை. "கரிப்பூட்டைங்க. பயிரோட சத்தை உறிஞ்சித் தின்னு வளர்ற பூஞ்சை. ஒட்டுண்ணி. மருந்துக்கெல்லாம் மசியாது. வெடிச்சுக் கரி கொட்டுறதுக்குள்ள ஒடிச்சு எரிச்சிருங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர்.

ஞாயிற்றுக்கிழமை எரிக்கப் போகிறேன். பட்ட காலிலேதான் படும்.

போன மாதம் காய்ச்சல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? தொலைபேசியில் கேட்டிருப்பேன். நாம் இருவரும் அதில் பேசினால் பாதியில் வைத்துவிடுவோம், அதனால் இனி கடிதம்தான் என்று உன் அண்ணி சட்டம் போட்டிருக்கிறாள். சட்டத்தை மீற இந்த வீட்டில் ஆள் இல்லை.

எரிச்சலோடும் பாசத்தோடும்,
அண்ணன்


ஜூலை 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்து சேராது என்று தெரியும். அதனால்தான் சட்டத்தை மீறி அண்ணியின் தொலைபேசிக்கே பேசினேன். எரிக்கக் கூடாது என்று அண்ணி உன் கையைப் பிடித்திருப்பார்கள். பிடித்தார்களா?

நீ நோய் என்கிறாயே, அதை ஆசை ஆசையாகத் தின்கிற ஊர்கள் இருக்கின்றன. முன்பு நான் வேலை பார்த்த ஓட்டலில் கடல் கடந்து வந்த ஒரு சமையல்காரர் இருந்தார். அவர்கள் பக்கத்தில் நல்ல கதிரை ஒதுக்கிவிட்டு இதற்குத்தான் அடித்துக்கொள்வார்களாம். ஒருமுறை டப்பாவில் வந்ததை எனக்குச் சமைத்துக் கொடுத்தார். அதன்பிறகு கண்ணில் படவே இல்லை. இப்போது என் அண்ணனின் வயலிலேயே காய்த்துத் தொங்குகிறது. நீ தீக்குச்சியைத் தேடுகிறாய்!

காது மடலை அழுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி மெத்தென்று இருப்பதை மட்டும் பறி. உள்ளே கருத்துப் பொடியானது வேண்டாம். ஈரத்துணி சுற்றி, பெட்டியில் வைத்து, சாயங்கால பஸ்ஸில் போட்டுவிடு. மறுநாள் காலையில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.

முக்கியமான விஷயம். நீயும் அண்ணியும் கொஞ்சம் வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடுங்கள். வாசனை எப்படி, வாயில் வைத்ததும் எது தெரிகிறது, விழுங்கிய பிறகு எது நிற்கிறது, எல்லாவற்றையும் விவரமாக எழுது. 'நன்றாக இருந்தது' என்று ஒரே வரியில் எழுதினால் கிழித்துப் போடுவேன்.

காய்ச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை. என் ஓட்டல் சமையலறை எப்போதும்போல ஓடுகிறது.

அவசரத்துடன்,
சின்னவள்


ஜூலை 15

அடி சின்னவளே,

உனக்குப் புத்தி கலங்கிவிட்டதா, இல்லை நகரத்தில் எல்லாருக்குமே இப்படித்தானா?

பயிரின் ரத்தத்தைக் குடித்து வீங்கிய ஒன்றை வாயில் போடச் சொல்கிறாய். அடுத்த கடிதத்தில் மாட்டின் உண்ணியைப் பிடுங்கி வறுக்கச் சொல்வாய் போலிருக்கிறது. வாசனையை எழுது, ருசியை எழுது என்கிறாய். பிணத்துக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது.

உன் அண்ணி வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அவ சமையல்ல பேர் எடுத்தவ. உங்களுக்கென்ன தெரியும்? பறிங்க" என்றாள். பறித்தேன். ஒவ்வொன்றாகக் காது மடலைத் தொட்டுப் பார்ப்பதும் கொப்புளத்தைத் தொட்டுப் பார்ப்பதுமாக நின்றதைப் பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"நோயைப் பறிக்கிறேன்."

"எரிக்கவா?"

"இல்ல, பெட்டியில வெச்சு அனுப்ப."

அவர் வரப்போடு திரும்பிப் போய்விட்டார். மறுநாள் என்னைப் பார்த்ததும் வழியை மாற்றிக்கொண்டு போனார். இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் எனக்கிருந்த மரியாதை ஒரு பெட்டியோடு பஸ் ஏறிவிட்டது.

பெட்டி வந்து சேர்ந்ததா? நான் சாப்பிடவில்லை. சாப்பிடவும் மாட்டேன். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. காய்ச்சலுக்குப் பிறகு இளைத்திருப்பாய்.

தலையில் அடித்துக்கொண்டு,
அண்ணன்


ஜூலை 22

அன்புள்ள அண்ணா,

பெட்டி வந்தது. கொண்டாட்டம்தான். முதல் நாள் சும்மா நாலு மேசைக்கு ஒரு தட்டு என்று ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் சமையலறை வாசல் வரைக்கும் எழுந்து வந்து, "இது என்னங்க, காளானா, கறியா?" என்று கேட்டார். சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் திரும்பப் போய்த் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். முதலாளி பலகையில் எழுதி வாசலில் வைத்துவிட்டார். இன்னும் ஒரு பெட்டி உடனே வேண்டும்.

ஒட்டுண்ணி ஒட்டுண்ணி என்று குதிக்கிறாயே, பாலில் எதுவோ புகுந்து புளிக்க வைத்தால்தானே தயிர்? அதை மட்டும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறாய்.

உன் கடிதத்தில் பக்கத்து வயல்காரர் இருக்கிறார், மாட்டு உண்ணி இருக்கிறது, ருசியைத் தவிர எல்லாம் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அண்ணியையாவது சாப்பிட்டுப் பார்த்து எழுதச் சொல். விளையாட்டில்லை, அண்ணா.

இங்கே எனக்கும் தலைவலிக்குக் குறைவில்லை. எனக்கு அடுத்த நிலையில் இருக்கிற சமையல்காரனைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, நெட்டையன்? நல்ல கைக்காரன்தான். இப்போதெல்லாம் ரொம்பப் பேசுகிறான். நேற்று என் பக்கத்தில் வந்து, "அக்கா, வெங்காயம் தீயுற வாடை வருது" என்றான். வெங்காயம் தீய்வது எனக்குத் தெரியாதா? இவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் வெங்காயம் வதக்குகிறேன். முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். போய் வேலையைப் பார் என்று விரட்டினேன்.

இரண்டாவது பெட்டியை மறக்காதே.

சின்னவள்


ஜூலை 30

சின்னவளுக்கு,

உன் பெட்டி இன்று பஸ் ஏறுகிறது. பின்னால் விதைத்த பாத்தியில் பறித்தது. அதற்குள் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

உன் பேச்சைக் கேட்டு உன் அண்ணி எனக்குத் தெரியாமல் வதக்கிச் சாப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் "என்ன வாசனை?" என்று கேட்டேன், பாராட்டி வேறு தொலைத்தேன். சொன்னதும் குடத்துத் தண்ணீர் முழுவதிலும் வாய் கொப்பளித்தேன். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, வாசனைக்கே கொப்பளித்தேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். 'நல்லா இருக்கு' என்று எழுதச் சொன்னாள். நீ கிழித்துப் போடுவாய் என்றேன். 'அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது' என்கிறாள்.

பக்கத்து வயல்காரர் விஷயம் கேள்விப்பட்டு, தன் வயலில் வந்த கரிப்பூட்டை அத்தனையையும் ஒடித்து நம் வாசலில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். "நீங்க சேர்க்கிறீங்களாமே." பாதி வெடித்தது. வாசலெல்லாம் கரி. என் வேட்டியும் கரி. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டது நான்தான், யாரை நோக?

உன் அண்ணி ஒன்றைக் கவனித்துச் சொன்னாள். காய்ச்சல் எப்படி இருந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் நீ ஒரு வரியில் தாண்டிப் போகிறாயாம். நான் அவளைச் சும்மா இரு என்றேன். இருந்தாலும் எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டாவது பெட்டி கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக. ஆனால் முதல் பெட்டியைவிட அருமை. திறந்ததும் அந்த மண்வாசனை சமையலறை முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இன்று இரவு பெரிய விருந்து ஒன்று இருக்கிறது. இதைத்தான் முதலில் பரிமாறப் போகிறேன்.

அண்ணிக்கு என் நன்றி. 'நல்லா இருக்கு' என்பதை அண்ணிக்காகக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னவள்


ஆகஸ்ட் 9

சின்னவளே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

மூன்றாவது பெட்டியோடு இன்று பார்சல் ஆபீசுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து நின்று கத்தினார். "ஐயா, உங்க பெட்டியை இனிமே தொடவே மாட்டேன். பஸ் வழியில பழுதாகி, உங்க பெட்டி ரெண்டு நாள் வெயில்ல வெந்திருக்கு. அங்க இறக்கின ஆளு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கான். செத்த எலியா அனுப்பினீங்கன்னு என்னைத் திட்டுறாங்க!"

பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மேசைமேல் உன் கடிதம். 'முதல் பெட்டியைவிட அருமை. மண்வாசனை.'

உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். ருசியை எழுது, வாசனையை எழுது, விளையாட்டில்லை. தீய்ந்த வெங்காயம். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

காய்ச்சல் போகும்போது உன் மூக்கையும் கொண்டுபோய்விட்டதா?

இதைக் கேட்க நான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேனே என்று என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது. நீ சொல்லாமல் விட்டாயே என்று உன்மேல் அதைவிட ஆத்திரம். அந்த விருந்தில் என்ன ஆனது? யாருக்காவது ஏதாவது ஆனதா? உனக்கு ஏதாவது ஆனதா?

திருப்பிக் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து வதக்கச் சொல்லிச் சாப்பிட்டேன். ஆமாம், நான்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தட்டு. எழுதிக்கொள். வாசனை: மழையில் நனைந்த பழைய மரப்பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அதை யாரோ வெண்ணெயில் போட்டுப் புரட்டிய மாதிரி. வாயில் வைத்ததும் காளான். கடித்தால் இளஞ்சோளத்தின் தித்திப்பு, பின்னாலேயே அடுப்புப் புகை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்கிறது, போகவே மாட்டேன் என்கிறது. கசப்பு மோசமில்லை. கறுப்புச் சாறு தட்டிலெல்லாம் ஓடுகிறது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. உப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம், அது உன் அண்ணியின் தப்பு.

உடனே பதில் போடு.

அண்ணன்


ஆகஸ்ட் 28

சின்னவளே,

பதில் இல்லை. அண்ணி பேசினால் எடுக்கவில்லை. நான் பேசினாலும் எடுக்கவில்லை. ஓட்டல் எண்ணுக்குப் போட்டால் ஒரு பெண் எடுத்து, "அக்கா வேலையா இருக்காங்க" என்று பாடம் ஒப்பிக்கிறாள்.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் அதையாவது எழுது. தினமும் தபால்காரரை வழிமறித்ததில், அவர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். ஊரில் என்னைக் கண்டு ஓடுகிற ஆட்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

இந்த வாரத்துக்குள் எழுத்து வராவிட்டால் நானே பஸ் ஏறி வந்து உன் சமையலறை வாசலில் நிற்பேன். எல்லார் முன்னாலும் சின்னவளே என்று கூப்பிடுவேன். யோசித்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணா,

வராதே. எழுதுகிறேன்.

ஆமாம். காய்ச்சல் விட்ட காலையில் எழுந்தேன், ஒன்றுமே இல்லை. சோப்பு, பெட்ரோல், பூண்டு, எதுவுமே இல்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் மட்டும் நாக்குக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் ஈரத் தாளை மெல்வது போல. டாக்டர், திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல எனக்கே தெரியுமே.

ஒரு தலைமைச் சமையல்காரி யாரிடம் போய் இதைச் சொல்வாள்? கைப்பழக்கத்தில் ஓட்டினேன். இங்கே எல்லாப் பதார்த்தத்தின் ருசியும் எல்லாருக்கும் தெரியும், எங்கே பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. கரிப்பூட்டை! இங்கே என்னைத் தவிர ஒருவரும் சாப்பிட்டதில்லை. நான் எப்படிச் செய்தாலும் அதுதான் அதன் ருசி. அதனால்தான் குதித்தேன். ஞாபகத்தில் இருந்த ருசியும் மங்கிக்கொண்டே வந்தது, அதனால்தான் எழுது எழுது என்று உன் உயிரை வாங்கினேன்.

அந்தப் பெட்டியைத் திறந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? பார்த்தார்கள், நிஜம். எழுதி, தபாலில் சேர்க்கக் கொடுத்துவிட்டு வந்து வாணலியைச் சூடாக்கினேன். நெட்டையன் வந்து அடுப்பை அணைத்தான்.

"அக்கா, இது அழுகிப் போச்சு."

"யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சு பேசு."

"தெரிஞ்சுதான் பேசறேன். நீங்க செஞ்சு வெச்சதையெல்லாம், நீங்க அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான்தான் திரும்பச் சரி பண்ணிட்டிருக்கேன். தீஞ்சதைக் கொட்டிப் புதுசா வதக்கறேன். கை ஓஞ்சு போச்சுக்கா. எத்தனை நாளைக்கு நானும் தெரியாத மாதிரியே நடிக்கிறது?"

பாத்திரம் கழுவுகிறவள் முதற்கொண்டு எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அண்ணா. எனக்கு மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

பெட்டியைக் குப்பையில் கொட்டினோம். விருந்துக்கு வேறு ஏதோ போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். நெட்டையனும் வந்தான். முதல் பெட்டியையும் நீதான் சரிசெய்தாயா என்று கேட்டேன். "அதை எப்படித் தொடறது? எனக்கு அதோட ருசியே தெரியாதே. அது முழுக்க நீங்க பண்ணினதுதான்" என்றான்.

அந்த வாடிக்கையாளர் எழுந்து வந்தாரே, அது என் கைக்கு. அதை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் கத்தினார். கத்தி முடித்து, மூக்குக்கு நெட்டையன், கைக்கு நீ, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக இருங்கள் என்றார். இப்போது நான் வதக்குகிறேன், அவன் முகர்கிறான். ஒரு நாளைக்கு நூறு சண்டை. 'கொஞ்சம் புகை வாடை' என்கிறான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கத்துகிறேன். இந்தப் பிழைப்பு எத்தனை நாளைக்கு ஓடும் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். நனைந்த மரப்பெட்டியை வெண்ணெயில் புரட்டியது என்ற இடத்தில் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னான். அடுத்த பருவம் வந்தால் அனுப்பு. அவன் நாக்கு, என் கை. சரியாகச் செய்து பார்க்க வேண்டும்.

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. நீ கேட்டது நிஜம் என்று எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம்.

அண்ணிக்கு என் அன்பு.
சின்னவள்


பிப்ரவரி 18

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணனும் அண்ணியும் சௌக்கியம். அநியாயத்துக்குப் பயிரும் சௌக்கியம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், வயிறு எரிகிறது.

உனக்காக இந்தப் பருவத்தில் நான் செய்யாத காரியமில்லை. போன தடவை கொட்டிய கரியைப் பொத்திவைத்து மண்ணில் தூவினேன். பூவெடுக்கும்போது ஊசியால் கதிரைக் குத்திக் கரித்தண்ணீர் விட்டேன். ஆலங்கட்டி வராததால் நானே குச்சியால் இலையை அடித்துக் கிழித்தேன். அப்போது பார்த்து வேளாண் அதிகாரி வந்து நின்றார்.

"என்னங்க பண்றீங்க?"

"நோய் வரவழைக்கிறேன்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சத்தியமாக.

ஒரு கொப்புளம் வரவில்லை. ஒன்றுகூட! கதிர் ஒவ்வொன்றும் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி நெருக்கமாக மணி கட்டி நிற்கிறது. இப்படி ஒரு விளைச்சலை இந்த வயலில் நான் கண்டதேயில்லை. பக்கத்து வயல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்கிறார். அதிகாரி மற்ற விவசாயிகளை அழைத்துவந்து முன்மாதிரி வயல் என்று காட்டுகிறார். நான் அவர்கள் நடுவில் இழவு வீட்டுக்காரன் மாதிரி நிற்கிறேன்.

மன்னித்துக்கொள், என்னால் முடிந்தது நல்ல சோளம்தான். மூக்கு எப்படி இருக்கிறது? ஒரு வரியில் தாண்டாமல் எழுது.

தோற்றுப்போன,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். அதிகாரி நெற்றியைத் தொட்ட இடத்தில் நெட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெட்கப்படாதே, நல்ல சோளத்தையே ஒரு மூட்டை அனுப்பு, அதற்கும் இங்கே வேலை இருக்கிறது.

நீ ஒரு வரியில் தாண்டாதே என்றாய். தாண்டவில்லை.

நேற்றுக் காலையில் பால் காய வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று சகிக்க முடியாத நாற்றம். ரப்பர் எரிகிற மாதிரி, சாக்கடையைக் கிளறிய மாதிரி. பால் கெட்டுவிட்டது, கொட்டு என்று கத்தினேன். நெட்டையன் வந்து முகர்ந்து பார்த்தான். "பால் நல்லாத்தானே இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அப்படியே நின்றான். நானும் நின்றேன்.

வெங்காயத்தை எடுத்தேன், அதுவும் நாறியது. பூண்டு நாறியது. அவன் சட்டையைப் பிடித்து முகர்ந்தேன், அது உண்மையிலேயே நாறியது. டாக்டரிடம் ஓடினேன். செத்துக் கிடந்த நரம்பு விழிக்கும்போது முதலில் இப்படித்தான் தாறுமாறாக உளறுமாம். மாதக்கணக்கில் உளறலாம், முழுக்கச் சரியாகாமலும் போகலாம், ஆனால் விழித்துவிட்டது என்றார்.

நேற்றிலிருந்து ஒரு கவளம் இறங்கவில்லை. குடிக்கிற தண்ணீர்கூடக் குமட்டுகிறது. தலையணை நாறுகிறது, எழுதுகிற இந்தத் தாள் நாறுகிறது. எல்லாமே நாறுகிறது, அண்ணா! ஓடிப்போய் அண்ணியிடம் சொல்.

சின்னவள்